வாயால் மட்டும் பேச வேண்டும்

என் மகளுக்குக் காது கேட்காது என்பதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தது நான்தான். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. கண்டுபிடிப்பதற்குள் அவளுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. அதுவரைக்கும் அவளுக்குத் தெருவிலேயே காது கூர்மை என்று பேர்.

ஆரணியில் தறிக்காரர் வீட்டில் பிள்ளை வளர்வதைப் பார்க்காதவர்களுக்கு இது விளங்காது. கூடத்து உத்திரத்தில் பழைய புடவையால் ஏணை கட்டித் தொங்கவிடுவார்கள். ஏணையிலிருந்து ஒரு கயிறு தறிக்குப் போகும். நெய்கிறவர் ஒவ்வொரு இழை ஓடியதும் ஒரு பலகையைத் தன் பக்கம் இழுத்து அடிப்பார். அந்தப் பலகையில் கயிற்றின் மறுமுனையைக் கட்டிவிடுவார்கள். பலகை ஆடினால் ஏணை ஆடும். பிள்ளையைத் தூங்க வைக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டாம். பெற்றவள் பாட்டுக்கு நூல் சுற்றலாம், உலை வைக்கலாம். நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் இதைப் பார்த்து, இவர்கள் கெட்டிக்காரர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் பிறந்த வீடு தேசூர் பக்கம். பயிர் வைக்கிற வீடு. அங்கே பிள்ளை தரையில் இருக்கிற நேரத்தைவிட யார் இடுப்பிலாவது இருக்கிற நேரம்தான் அதிகம். போகிறவர் வருகிறவர் எல்லாம் கன்னத்தைக் கிள்ளி நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். மாட்டிடம்கூட ஓயாமல் பேசுகிற ஜனங்கள். இங்கே கதை வேறு. எங்கள் கூடத்தில் இரண்டு தறி. ஒன்றில் என் வீட்டுக்காரர், இன்னொன்றில் அவருடைய அக்கா. கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவர். அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு தறியும் ஓட, மேலே புடவையில் பூ விழ வைக்கிற ஜக்காடு பெட்டிகள் கடகடக்க, இடையில் யார் பேசினால் யாருக்குக் கேட்கும்? அதனால் பகல் முழுக்க அந்த வீட்டில் கைதான் பேசும்.

கட்டைவிரலை வாய்ப் பக்கம் சாய்த்தால் தண்ணீர். விரல்களைக் குவித்து ஆட்டினால் சோறு ஆயிற்றா என்று கேள்வி. இல்லாத மீசையை முறுக்கினால், நூல் கொடுத்து நெய்யச் சொல்கிற முதலாளி வருகிறார். மூக்கைப் பிடித்தால் நான் வைத்த குழம்பு அடிபிடித்துவிட்டது. இந்தக் கடைசியை நான் வந்த வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். போகப்போக அக்காவும் தம்பியும் காலை இறக்கி உட்கார்கிற தறிக்குழியில் இருந்தபடியே கையால் ஒரு கல்யாண வீட்டுக் கதை முழுவதையும் பேசி முடிப்பதைப் பார்த்திருக்கிறேன். சிரிப்பு மட்டும்தான் சத்தமாக வரும்.

என் மகள் இந்தக் கூடத்தில்தான் வளர்ந்தாள். தறி ஓடுகிற வரைக்கும் தூங்குவாள். தறி நின்றதும் கண்ணை விழித்துக்கொள்வாள். ஒரு நாள்கூடத் தப்பாது. என் வீட்டுக்காரர் இதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

“டீ குடிக்கக்கூட எழுந்துக்க முடியல. கைய எடுத்தா முழிச்சிகினு பாக்குது. பொண்ணா பொறந்துதா, மேஸ்திரியா பொறந்துதான்னு தெரியல” என்பார்.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவுக்குப் பால்வாடி டீச்சர் மாதம் தவறாமல் வருவார். பிள்ளைகளை எடை போடுவார், சத்து மாவு கொடுப்பார். தொண்ணூறுகளின் நடுவில் புதிதாக ஏதோ திட்டம் வந்து, எடையோடு சேர்த்து மூளை வளர்ச்சியையும் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். சென்னையிலிருந்து வந்த இரண்டு பெண்கள் எங்கள் தெரு அம்மாக்களைப் பந்தலில் உட்கார வைத்து வகுப்பு எடுத்தார்கள். குழந்தையோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும், குளிப்பாட்டும்போது இது கை, இது கால் என்று சொல்லிக்கொண்டே குளிப்பாட்ட வேண்டும் என்றார்கள். எங்கள் வரிசையில் ஒருத்தி, “பேசினு இருந்தா யாருங்க நூல் சுத்துறது?” என்று கேட்டுவிட்டாள். பந்தலே சிரித்தது. வந்தவர்களும் சிரித்தார்கள். நல்லவர்கள்தான். ஆளுக்கொரு கிலுகிலுப்பை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதே கிலுகிலுப்பையை வைத்துத்தான் பால்வாடி டீச்சர் என் மகளைச் சோதித்தார். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்டினார். திரும்பவில்லை. இன்னும் வேகமாக ஆட்டினார். அவள் தரையில் கிடந்த ஜரிகைத் துண்டை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். டீச்சர் முகம் மாறியது. அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னாங்க டீச்சர், தறி சத்தத்துல வளர்ற புள்ள இதுக்கெல்லாம் திரும்புமா? இது இன்னா சத்தம்? செத்த இருங்க, காட்றேன்” என்றார்.

மகளை ஏணையில் போட்டார்கள். தறி ஓடியது, தூங்கிவிட்டாள். அண்ணி கையைத் தூக்கிக் காட்ட, என் வீட்டுக்காரர் தறியை நிறுத்தினார். ஏணைக்குள்ளிருந்து இரண்டு கண் எங்களைப் பார்த்தது. டீச்சருக்கு நிம்மதி. எங்களுக்கு அதைவிட நிம்மதி. எல்லோரும் ஒரு முறை சிரித்தோம். டீச்சருக்கு மோர் கொடுத்து அனுப்பினேன்.

பேச்சு வரவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தல் இருந்தது. தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய் தாமதமாகத்தான் திறக்கும் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அப்படித்தான் இருந்தது. அதோடு, பேச்சில்லாததால் அவளுக்கு எதுவும் கிடைக்காமல் போனதும் இல்லை. தண்ணீர் வேண்டுமா, கட்டைவிரலைச் சாய்ப்பாள். முதலாளி வந்தால் மீசையை முறுக்கி எங்களுக்கு முன்னால் செய்தி சொல்லிவிடுவாள். அவர் எதிரிலேயே முறுக்கி மானத்தை வாங்கியதும் உண்டு. அண்ணியும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாமல் கையால் பேசிக்கொண்டிருப்பார்கள். இத்தனை சூட்டிகையான பிள்ளைக்குக் குறை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

ஒரு மத்தியானம் ஏணைக் கயிறு அறுந்தது. இற்றுப்போன கயிறு, பலகைப் பக்கத்தில் பட்டென்று விட்டுவிட்டது. இரண்டு தறியும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. சத்தம் துளியும் குறையவில்லை. மகள் விழித்துக்கொண்டாள்.

நான் அறுந்த முனையைக் கையில் எடுத்து, பலகை இழுக்கிற கதியிலேயே இழுத்தேன். மறுபடி தூங்கிவிட்டாள். எனக்கு அப்போது எதுவும் தோன்றியதாக நினைவில்லை. கை தானாகச் செய்தது. தறிப் பக்கம் திரும்பி, நிறுத்துங்கள் என்று உள்ளங்கையைக் காட்டினேன். அவர் நிறுத்தினார். அண்ணியும் நிறுத்தினார். கூடம் அடங்கியது. நான் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தேன். அவள் தூங்கிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இருந்த பித்தளைச் சொம்பைக் காலால் தள்ளினேன். அது படியில் விழுந்து வாசல் வரைக்கும் உருண்டது. அவள் தூங்கிக்கொண்டே இருந்தாள். பிறகு கயிற்றை விட்டேன். ஏணை நின்றது. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அண்ணிதான் தறிக்குழிக்குள்ளேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. எழுந்து போய் இறக்கி வைத்தேன். அன்றைக்கு எனக்குள் மரத்துப்போன ஏதோ ஒன்று பிறகு சரியாகவே இல்லை.

வேலூருக்குக் கொண்டுபோனோம். சோதித்துப் பார்த்துவிட்டு உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். மார்பில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னப் பெட்டியும், அதிலிருந்து காதுக்குப் போகிற ஒயரும் கொடுத்தார்கள். அதை மாட்டினாலும் முழுதாகக் கேட்காது, ஏதோ சத்தம் என்கிற அளவுக்குத்தான் விழும் என்றார்கள். ஐந்து வயதுக்குள் பழக்கினால் பேச்சு வரும், அதற்கு மேலே போனால் கஷ்டம் என்று சொல்லி, காது கேட்காத சிறு பிள்ளைகளுக்கான ஒரு பயிற்சி மையத்துக்கு அனுப்பினார்கள். அம்மாவும் கூட வர வேண்டும். அன்றிலிருந்து நானும் அவளும் கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகிற பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தோம். நடத்துநர் எங்களைப் பார்த்ததும் கேட்காமலே டிக்கெட் கிழிப்பார்.

மையத்து டீச்சர் என்னைவிடச் சின்னவர். பொறுமைசாலி. முதல் நாளே என்னை எதிரில் உட்கார வைத்துச் சொன்னார்.

“வீட்ல யாரும் கை காட்டக் கூடாதுங்க. கை காட்டினா புள்ள உங்க வாயப் பாக்காது. வாயப் பாக்கலன்னா பேச்சு வராது. அது கை காட்டினாலும் நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. வாயத் தொறக்கட்டும், அப்புறம் குடுங்க.”

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் என்னோடு பேச வேண்டும். பெரியவளானால் எங்கே வலிக்கிறது, யார் என்ன சொன்னார்கள், எதற்கு மனசு சரியில்லை என்று என்னிடம் வந்து சொல்ல வேண்டும். அதற்கு இதுதான் வழி என்று படித்தவர்கள் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். அந்த டீச்சர் என்ன கற்றாரோ அதைத்தான் சொன்னார். இன்றைக்கும் அவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. யார் மேலும் கிடையாது.

வீட்டுக்கு வந்து இருவரிடமும் சொன்னேன். அண்ணிதான் கேட்டார்.

“அப்ப தண்ணி வேணும்னா நான் குழிய விட்டு எழுந்து வந்துதான் கேக்கணுமா?”

“ஆமாங்க அண்ணி. அவ எதுர்ல கையே அசையக் கூடாதாம்.”

“பேஜாரா கீதே” என்றார். ஆனால் அடுத்த நாளிலிருந்து எழுந்து வந்தார். இருவருமே வந்தார்கள். ஒரு வாய் தண்ணீருக்குத் தறியை நிறுத்திவிட்டு, குழியை விட்டு ஏறி, மகள் எதிரில் குனிந்து, வாயை அகலத் திறந்து “தண்ணி” என்று சொல்லிவிட்டுத்தான் குடிப்பார்கள். நெசவு பின்தங்கியது. முதலாளி முணுமுணுத்தார். அண்ணி தன் இரண்டு கையையும் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு மகளோடு பேசுவார். பழக்கத்தில் விரல் எழுந்துவிடுமோ என்று அவருக்குப் பயம்.

மையத்தில் இன்னொன்றும் சொன்னார்கள். பிள்ளை ஒரு சொல் சொன்னால் முகத்துக்கு நேரே பாராட்ட வேண்டுமாம். எங்கள் பக்கம் அந்த வழக்கமே இல்லை. பிள்ளையைப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும். ஆசை அதிகமானால் கழுதை என்றோ எருமை என்றோ கொஞ்சுவோம். அண்ணி இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். “நல்லா சொன்ன, கெட்டிக்காரி” என்று சொல்லிவிட்டு, உடனே அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பார். மகள் அதையும் பாடத்தில் சேர்ந்தது என்று எடுத்துக்கொண்டாள். மையத்தில் டீச்சர் “வெரி குட்” என்று சொன்னதும் எட்டி அவர் கன்னத்தை வழித்து, தன் தலையில் விரல்களை வைத்து அழுத்தினாள். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, “இதுவும் கை காட்றதுதாங்க, வேணாம்” என்றார்.

கையைப் பிடிக்கிற வேலை என்னுடையது. தண்ணீருக்குக் கட்டைவிரல் எழும். நான் அந்த இரண்டு கையையும் என் கைக்குள் பிடித்துக்கொள்வேன். என் வாயைக் காட்டி, “தண்ணி, தண்ணி” என்பேன். அவளுக்குப் புரியாது. நேற்று வரைக்கும் கேட்டால் கொடுத்தவர்கள் இன்றைக்கு ஏன் கொடுக்கவில்லை என்று என் முகத்தைப் பார்ப்பாள். கையை உருவப் பார்ப்பாள். பிறகு அழுவாள். அழுகை ஓய்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருப்பேன். எனக்கும் தொண்டை அடைக்கும் என்று எழுத ஆசைதான். உண்மையில் அப்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தறி அடிக்கிற மாதிரி அதையும் செய்தேன். ஒரு நாள் “அன்னி” என்று ஒரு சத்தம் வந்தது. சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தோம். என் வீட்டுக்காரர் கடைத்தெருவுக்குப் போய் ஜிலேபி வாங்கிவந்தார்.

அதற்குப் பிறகு சொற்கள் வந்தன. சோறு, பால், பஸ், பூ, அப்பா. எங்களுக்கு விளங்கும், வெளியாருக்கு விளங்காது. தேசூருக்குக் கூட்டிக்கொண்டு போனால் என் வீட்டு ஜனங்கள் எல்லோரும் அவளைச் சுற்றி நின்று சத்தம் போட்டுப் பேசுவார்கள். சத்தம் போட்டால் கேட்கும் என்று நினைப்பு. அவள் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக் களைத்துப்போய் என் மடியில் படுத்துக்கொள்வாள். மையத்தில் மட்டும் எங்களை முன்மாதிரி வீடு என்று சொன்னார்கள். புதிதாக வருகிற அம்மாக்களிடம் என்னைப் பேசச் சொல்வார்கள். நானும் பேசினேன். கை காட்டாதீர்கள் என்று சொன்னேன்.

அவளிடம் இருந்ததெல்லாம் சாமான்களின் பெயர்கள்தான். அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. ஒரு சாயங்காலம் தெருவிலிருந்து முழங்காலில் ரத்தத்தோடு வந்தாள். ஏதோ நடந்திருக்கிறது. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் துடிப்பு. இரண்டு கையும் மேலே எழுந்தன. ஒருவரைத் தள்ளுகிற மாதிரி ஏதோ ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பார்த்தேன், அவ்வளவுதான். பிடிக்கக்கூட இல்லை. கை கீழே இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, “கால்” என்றாள்.

“ஆமா, கால்” என்றேன். “நல்லா சொன்ன.”

யார் தள்ளினார்கள் என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன்.

பள்ளி வயது வந்ததும் வேலூரைத் தாண்டி ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தோம். அங்கேயும் வகுப்பில் வாயால்தான் பாடம். சேர்த்த அன்று அவள் அழவில்லை. நானும் அழவில்லை. தலைமை ஆசிரியை, “தைரியமான அம்மா” என்றார். அவள் துணிப்பெட்டியை வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் அன்றைக்கு அண்ணி வெகு காலத்துக்குப் பிறகு தறியிலிருந்தே என் பக்கம் திரும்பி, சோறு ஆயிற்றா என்று விரலைக் குவித்துக் கேட்டார். பிள்ளைதான் இல்லையே, இனி என்ன என்று. எனக்குப் பதில் காட்டக் கை எழவில்லை. ஆச்சு என்று வாயால் சொன்னேன். தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

ஒன்றிரண்டு வருஷம் போயிற்று. பார்க்கப் போகிற நாளில் எப்போதும் வரவேற்பு அறையில் உட்கார வைத்து அவளைக் கூட்டிவருவார்கள். சீவி முடித்து, காதுப் பெட்டியை மாட்டிக்கொண்டு வருவாள். நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டேன், பரீட்சை எழுதினேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் முன்னைவிடத் தெளிவாக இருக்கும். நானும் எண்ணெய், முறுக்கு, ரிப்பன் எல்லாம் கொடுத்துவிட்டு வருவேன். இவ்வளவு பேசுகிறாளே, இது போதும் என்றுதான் இருந்தேன்.

ஒரு தடவை அறையில் ஆள் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரம், உள்ளே போங்க என்று காவலாளி விட்டுவிட்டார். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் தட்டு கழுவுகிற தொட்டி. அங்கே ஐந்தாறு பெண் பிள்ளைகள். தட்டுகள் ஒரு பக்கம் கிடந்தன. நடுவில் என் மகள் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கையால். இப்படி ஒரு வேகத்தை நான் எங்கள் கூடத்திலும் பார்த்ததில்லை. அவள் கதையில் யாரோ ஒருவர் தொப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார், எதிலோ வழுக்கினார், எழுந்து யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தார். அதுவரைக்கும் எனக்கும் விளங்கியது. பிறகு விளங்கவில்லை. ஒரு பெண் குறுக்கே கையை வீசி ஏதோ கேட்டாள். என் மகள், இல்லை இல்லை என்று மறித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் சிரிக்காமல், புருவத்தை மட்டும் உயர்த்திக்கொண்டு, அடுத்ததைச் சொல்லப் போனாள். இவளுக்குக் கதை சொல்லத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. நெஞ்சில் ஏதோ அசைந்தது. சந்தோஷம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். அந்தக் கதை முடியாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தூண் ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டாள். மகளின் தோளைத் தொட்டு என் பக்கம் காட்டினாள்.

மகள் திரும்பினாள். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். அப்படியே என்னிடம் வந்தாள். மற்ற பிள்ளைகள் தட்டுகளை எடுத்துக்கொண்டு கலைந்து போனார்கள். அவள் அண்ணாந்து என் வாயைப் பார்த்தபடி நின்றாள்.

நான் குனிந்து, மையத்தில் சொல்லிக் கொடுத்த மாதிரியே வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன்.

“அவங்க கிட்ட என்ன கண்ணு சொல்லிகினு இருந்த?”

“ஒண்ணும் இல்லம்மா” என்றாள்.

ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. அதுவரைக்கும் அவள் வாயிலிருந்து அவ்வளவு சுத்தமாக ஒரு பேச்சு வந்து நான் கேட்டதில்லை.